பழைய கார்பரேட்டர் கார்: எது பெட்ரோல் குழாய், எது இல்லை?

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 என்று ஏதாவது ஒன்று மதுரைப் பக்கம் இன்னும் பல வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. தாத்தா வாங்கிய கார், விற்க மனசு வராது. பேரன் லீவில் வந்து பானட்டைத் திறந்து, உருண்டையாக டப்பா போல இருக்கிற ஒன்றைக் காட்டி ‘இதுதான் பெட்ரோல் பம்ப்’ என்று முடிவு கட்டுகிறார். தவறு அங்கேதான் ஆரம்பம். இந்த இன்ஜின்களில் டப்பா உருவத்தில் நாலைந்து சாமான் உண்டு. உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் பாதிக்குப் பாதி தப்பும்.

குழாயைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். டேங்க் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து தரைக்கு அடியில் ஒரு உலோகக் குழாய் முன்னால் வரும். இன்ஜின் பக்கம் வந்ததும் ரப்பர் ஹோஸாக மாறிப் பம்புக்குப் போகும், பம்பிலிருந்து கார்பரேட்டரின் ஃப்ளோட் சேம்பருக்குப் போகும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர், அதில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம் ஃப்ளோட் சேம்பர். ஃபில்டர் மட்டும் காருக்குக் கார் பம்புக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். இந்த வழியில் வராத மற்றக் குழாய்கள் பெரும்பாலும் பெட்ரோல் குழாய் அல்ல; மாருதி 800-இல் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய் விதிவிலக்கு.

அதிகம் பேர் ஏமாறுவது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகர டப்பாவில். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேராகக் கார்பரேட்டருக்குப் போவதால், அது பெட்ரோல் சமாசாரம் என்றே தோன்றும். அது வேக்கம் அட்வான்ஸ். கார்பரேட்டர் பக்கத்து உறிஞ்சலால் இழுபட்டு ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளுவதுதான் அதன் வேலை. குழாய் சேர்கிற சாமானின் மேல் லூகாஸ் டிவிஎஸ் என்று பொறித்திருந்தால் அது எலக்ட்ரிக்கல் ஆசாமி, பெட்ரோல் தேடி அதைக் கழற்ற வேண்டாம். இன்ஜின் தலைமேல் உள்ள டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் தடித்த ஹோஸும் அப்படித்தான். அதில் வருவது இன்ஜினுக்குள் உண்டாகும் ஆவி.

சரி, பம்புக்கு வருவோம். பழைய மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பார்கள், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜினோடு சுழலும் கேம் ஷாஃப்ட் ஒரு லீவரைத் தள்ள, லீவர் டயாபிரம் என்கிற சவ்வை இழுக்க, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது. அதனால் பம்ப் இன்ஜினோடு போல்ட் போட்டு ஒட்டித்தான் இருக்கும். உள்ளே வரும் வழி எது, வெளியே போகும் வழி எது என்று தெரியாமல் ஹோஸை மாற்றி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. கழற்றிய பம்பைக் கையில் வைத்து, ஹோஸ் மாட்டும் மூக்கில் விரலை வைத்து லீவரை அழுத்திப் பாருங்கள். விரலை உறிஞ்சினால் அது டேங்க் பக்கம், விரலைத் தள்ளினால் கார்பரேட்டர் பக்கம். மாருதி 800 பம்பில் மூன்றாவதாக ஒரு மூக்கு இருக்கும், மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்ப. அதையும் வெளியேறும் வழியையும் மாற்றி மாட்டினால் கார்பரேட்டருக்குப் போக வேண்டியதில் பெரும்பகுதி டேங்குக்கே போய்விடும். பம்ப் போச்சு என்று புது பம்ப் வாங்கி, அதிலும் அதே மாதிரி மாட்டுகிறவர்கள் உண்டு.

பம்பின் உடம்பில் சின்னதாக ஒரு துளை இருக்கும். வார்ப்பில் விழுந்த ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்த பம்புகளைப் பார்த்திருக்கிறேன். டயாபிரம் கிழிந்தால் பெட்ரோலைச் சொட்டவைத்து நமக்குக் காட்டிக்கொடுப்பதற்காகவே உள்ள துளை அது. அடைத்தால் பெட்ரோல் கீழே, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டயாபிரத்தை மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் மற்றது.

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தடித்த பேக்கலைட் துண்டு ஒன்று இருக்கும், கார்பரேட்டருக்கு அடியிலும் ஒன்று. ‘வெறும் பேக்கிங்தானே’ என்று அதை எடுத்துவிட்டு மெல்லிய தாள் பேக்கிங் போடுவது பெரிய தவறு. இன்ஜின் சூடு பெட்ரோலுக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் மாட்டுத்தாவணி சிக்னலில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஏர் லாக் என்று எல்லோரும் ஈரத்துணி போர்த்துவார்கள், அந்தத் துண்டு எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். பம்பில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. லீவர் எவ்வளவு தூரம் தள்ளப்படும் என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. தடிமன் கூடினால் பம்ப் குறைவாக அடிக்கும், குறைந்தால் லீவர் தேயும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டரில் பாதிதான் பெட்ரோல் நிற்கிறது என்று பயப்பட வேண்டாம். அது சகஜம். அதன் மேல் உள்ள அம்புக்குறி கார்பரேட்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்பரேட்டரில் ஆளை அதிகம் குழப்புவது இரண்டு ஸ்குருக்கள். முனை த்ராட்டில் லீவரில் (ஆக்சிலேட்டர் இழுக்கும் லீவர்) முட்டிக்கொண்டு நிற்பது ஐடிலிங் வேகத்துக்கு, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்துக்கு. கார்பரேட்டர் அடிப்பகுதிக்குள் நேராக நுழைந்து, ஸ்பிரிங்கோடு இருப்பது, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரு. இதன் நுனி ஊசி போல இருக்கும். முறுக்கி இறுக்கினால் நுனியில் வளையம் விழும், பிறகு எப்படித் திருப்பினாலும் ஐடிலிங் சீராக இருக்காது. மெதுவாக முட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். அப்புறம் சூடான இன்ஜினில் கொஞ்சம் கொஞ்சமாக.

இந்த ஸ்குருவின் அதிகாரம் ஐடிலிங்கோடு சரி. வத்தலகுண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது கார் இழுக்காமல் கறுப்புப் புகை விட்டால், வழியில் நிறுத்தி இதைத் திருகிப் பயனில்லை. கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் துளையின் அளவோ அதேதான், அதனால் பெட்ரோல் விகிதம் கூடிவிடுகிறது. ஏறும்போது பெட்ரோல் விடுவது மெயின் ஜெட். ஸ்குருவைத் திருகிவிட்டு மதுரைக்கு இறங்கினால், நன்றாக இருந்த ஐடிலிங்கும் கெட்டிருக்கும்.

பழைய அம்பாசிடரில் எஸ்யூ கார்பரேட்டர் இருந்தால் இந்தக் கணக்கே வேறு. மேலே குவிந்த கூண்டு, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், உச்சியில் ஆயில் விடும் மூடி. அந்த ஆயில் தவறிப்போய் வந்ததல்ல, துடைத்து எடுத்துவிடாதீர்கள். மிக்சர் சரிசெய்வது அடியில் உள்ள நட்டில். ஃப்ளோட் சேம்பருக்கு அடியிலிருந்து ஜெட்டுக்குப் போகும் நைலான் குழாயை ஓவர்ஃப்ளோ என்று நினைத்து அடைப்பார்கள். பெட்ரோல் ஜெட்டுக்குப் போகிற வழியே அதுதான். ஓவர்ஃப்ளோ மூக்கு ஃப்ளோட் மூடியின் மேல் இருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் சோக் மூடியையும் எஸ்யூவில் தேடாதீர்கள். சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும்.

மாருதி கார்பரேட்டரில் ஒயர் மாட்டிய போல்ட் போல ஒன்று திருகியிருக்கும். டெம்பரேச்சர் சென்சார் இல்லை, ஐடிலிங் பெட்ரோலை நிறுத்தித் திறக்கும், மின்சாரத்தில் இயங்கும் அடைப்பானான சாலினாய்டு. ஒயர் கழன்றிருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி நின்றுவிடும். கார்பரேட்டரைப் பிரிப்பதற்கு முன்னால் சாவியைத் திருப்பி, ஒயரை எடுத்து எடுத்து வையுங்கள், ‘டிக்’ என்று கேட்க வேண்டும். தீப்பொறி வரலாம் என்பதால் பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஜெட்களை ஒன்றாக ஒரே டப்பாவில் போடாதீர்கள். மாருதி கார்பரேட்டரில் காற்று போகும் தொண்டை இரண்டு, இரண்டு மெயின் ஜெட், இரண்டுக்கும் எண் வேறு. கம்பி விட்டுக் குத்தவும் கூடாது. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஊறிப் பிளந்துவிடும், ஹோஸும் டயாபிரமும் அதற்கு ஏற்றதா என்று கேட்டே வாங்குங்கள். பேக்கிங், டயாபிரம் அடங்கிய ரிப்பேர் கிட் வாங்கும்போது கார் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஒரே காருக்கு வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு கார்பரேட்டர் வந்திருக்கிறது. உடம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கிழிந்த பழைய பேக்கிங்கையும் கடைக்கு எடுத்துப் போங்கள். புதியதன் மேல் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.