எஸ்பிஎஸ்எஸ் சின்டாக்ஸ்: தரவைத் தப்பில்லாமல் உள்ளே எடுப்பது எப்படி

புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸில் மெனுவை வைத்தே ஆய்வை முடித்துவிடலாம். ஆனால் பின்னால் ஓர் எண்ணைத் திருத்த வேண்டி வந்தால், எந்தப் பெட்டியில் எதை டிக் செய்தோம் என்று தேடுவது சிரமம். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் 'ஓகே'வை விட்டுவிட்டு 'பேஸ்ட்' அழுத்துங்கள். அந்த வேலைக்கான கட்டளை, கட்டளைகளை எழுதி இயக்கும் சின்டாக்ஸ் சாளரத்தில் வந்து உட்காரும். மூலத் தரவைத் திறப்பதிலிருந்து கடைசி அட்டவணை வரை எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கட்டும். க்னூ திட்டத்தின் இலவச மென்பொருளான பிஎஸ்பிபியும் இந்தக் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கும். கீழே கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

முதலில் முற்றுப்புள்ளி. ஒவ்வொரு கட்டளையும் அதில்தான் முடியும். நட்சத்திரக் குறியில் தொடங்கும் குறிப்பு வரியும் அப்படித்தான். குறிப்பு வரியில் புள்ளி வைக்க மறந்துவிட்டு அடுத்த வரியிலேயே புது மாறியைக் கணக்கிடும் கம்ப்யூட் கட்டளையை எழுதினால், அந்தக் கம்ப்யூட்டும் குறிப்பின் பகுதியாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாறி மட்டும் உருவாகியிருக்காது. குறிப்புக்குப் பிறகு ஒரு வெற்று வரி விடும் பழக்கம் இதிலிருந்து காப்பாற்றும்.

அடுத்தது தரவின் வடிவம். பழைய கணக்கெடுப்புக் கோப்புகள் பல, இடைவெளியோ காற்புள்ளியோ இல்லாத நிலையான அகல வரிகளாக வரும். உதாரணத்துக்கு 000713425050 என்று ஒரு வரி. எந்த இடத்தில் எந்தத் தகவல் என்று சொல்லும் கோடு புத்தகத்தின்படி 1 முதல் 4 வரையிலான இடங்கள் அடையாள எண், 5 பாலினம், 6-7 வயது, 8 முதல் 12 வரை வருமானம். டேட்டா லிஸ்ட் கட்டளையில் வருமானத்துக்கு 8-12 என்று எழுதி, அருகில் அடைப்புக்குறிக்குள் 2 போட்டால் 25050 என்பது 250.50 ஆகப் படிக்கப்படும். தரவிலேயே புள்ளி இருந்தால் அந்தப் புள்ளிதான் செல்லும். நீங்கள் போட்ட 2 எடுபடாது. ஒரே ஒரு இடம் தள்ளி எழுதினாலும் மென்பொருள் மறுக்காமல் படித்துவிடும். ஆகவே படித்த கையோடு லிஸ்ட் கட்டளையால் முதல் 10 பதிவுகளை அச்சிட்டு, மூல வரிகளோடு கண்ணால் ஒப்பிடுங்கள்.

காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பென்றால் கெட் டேட்டா கட்டளை. முதல் வரி தலைப்பாக இருந்தால் ஃபர்ஸ்ட்கேஸ் 2 என்று குறிப்பிடவும். அடையாள எண்ணை எண்ணாகப் படிக்க வேண்டாம்: 0007 வெறும் 7 ஆகிவிடும். ஏ4 என்று, அதாவது 4 அகலமுள்ள எழுத்து மாறியாகவே எடுங்கள். எழுத்து மாறியின் அகலம் யூனிகோடு முறையில் பைட்டில் கணக்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கு மட்டும் 15 பைட் வேண்டும். ஏ8 கொடுத்தால் பாதியில் வெட்டுப்படும்.

அதிகம் சேதம் செய்வது விடுபட்ட மதிப்புகள்தான். வயது சொல்லாதவருக்கு 99 என்று குறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரின் வயது 21, 34, 45, 99. மிஸ்ஸிங் வேல்யூஸ் கட்டளையில் 99ஐ அறிவிக்காவிட்டால் சராசரி 49.75, அறிவித்தால் 33.33. ஒரு எண் மாறிக்குத் தனித்தனியாக மூன்று மதிப்புகள் வரை அறிவிக்கலாம், அல்லது ஒரு வீச்சும் கூடவே ஒரு தனி மதிப்பும்.

அறிவித்த பிறகும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. மதிப்புகளை வேறு குறிகளாக மாற்றும் ரீகோடில் 'லோ' (மிகக் குறைந்தது), 'ஹை' (மிக அதிகம்) என்று எழுதும் வீச்சுகள் நீங்கள் விடுபட்டதாக அறிவித்த மதிப்புகளையும் பிடித்துக்கொள்ளும். '60 த்ரூ ஹை' என்றால் 99ம் முதியோர் பிரிவில் போய்ச் சேரும். அதைத் தடுக்க, 'மிஸ்ஸிங்' விதியை முதலில் எழுதுங்கள். முதலில் பொருந்தும் விதிதான் செல்லும். இரண்டாவது, கூட்டல். கம்ப்யூட்டில் மூன்று மாறிகளைக் கூட்டல் குறியால் சேர்த்தால், ஒன்று விடுபட்டிருந்தாலும் விடை காலியாகும். சம் சார்பு இருப்பதை மட்டும் கூட்டிவிடும், ஏதோ பூஜ்யம் இருந்ததைப் போல. மதிப்பெண் கட்டும்போது மீன்.3 (குறைந்தது மூன்று பதில் இருந்தால் மட்டும் சராசரி) போல, குறைந்தது எத்தனை பதில் இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் உருப்படியான வழி.

கம்ப்யூட், ரீகோட், இஃப் ஆகியவை எழுதிய உடனே நடப்பதில்லை. ஃப்ரீக்வென்சீஸ் போன்ற ஒரு கட்டளையோ எக்ஸிக்யூட்டோ தரவைப் படிக்கும்வரை காத்திருக்கும். மிஸ்ஸிங் வேல்யூஸ் அப்படியல்ல, உடனே அமலாகும். வருமானம் 0 என்றால் வேலையில்லை = 1 என்று இஃப் எழுதி, அடுத்த வரியிலேயே 0வை விடுபட்ட மதிப்பாக அறிவித்தால், இஃப் நடக்கும் நேரத்தில் அந்த 0 ஏற்கெனவே விடுபட்டதாகியிருக்கும். வேலையில்லை மாறியில் ஒரு 1கூட வராது. இந்த இரண்டுக்கும் நடுவே எக்ஸிக்யூட் கட்டாயம். மற்ற இடங்களில் அதைத் தூவ வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கோப்பு முழுவதும் மறுபடி படிக்கப்படும்.

கோப்புகளை இணைக்கும் மேட்ச் ஃபைல்ஸுக்கு முன் இரண்டையும், பதிவுகளைப் பொருத்த உதவும் ஒரே சாவி மாறியின்படி ஏறுவரிசையில் அடுக்கவும். சாவி இரண்டிலும் ஒரே வகையாக, எழுத்து மாறியென்றால் ஒரே அகலத்திலும் இருக்க வேண்டும். இணைத்த பின் பதிவுகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

சேமிக்கும்போது மூலக் கோப்பின் பெயரைக் கொடுக்காதீர்கள்; சேவ் கட்டளை கேட்காமலே மேலெழுதிவிடும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் சொந்தக் கோப்பு வடிவமான எஸ்ஏவி, லேபிள்களையும் விடுபட்ட மதிப்பு அறிவிப்புகளையும் சுமந்து செல்லும். சிஎஸ்வியில் அந்த அறிவிப்புகள் போகாது. ஆர் மொழியில் ஹேவன் தொகுப்பால் எஸ்ஏவியைப் படித்தாலும், நீங்கள் அறிவித்த 98, 99 எல்லாம் ஒரே 'என்ஏ' (விடுபட்டது) ஆகிவிடும். 'மறுத்தார்', 'தெரியாது' என்ற வேறுபாடு தேவையென்றால் யூசர்_என்ஏ அளபுருவை ட்ரூ ஆக்குங்கள்.

தேதி 13166064000 என்பது போல 11 இலக்க எண்ணாக வந்தால் பதற வேண்டாம். எஸ்பிஎஸ்எஸ் 1582 அக்டோபர் 14 நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுகிறது. 86400ஆல் வகுத்தால் நாட்கள் கிடைக்கும். அதிலிருந்து 137775ஐக் கழித்தால், 1960 ஜனவரி 1இலிருந்து நாட்களை எண்ணும் புள்ளியியல் மென்பொருள்களான சாஸ், ஸ்டேட்டா இரண்டுக்கும் ஏற்ற எண். இந்த உதாரணத்துக்கு 14610 வரும். அது 2000 ஜனவரி 1.