ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் விபத்தைக் குறைக்க: மனு எழுதும் முன் செய்ய வேண்டியவை

ஒரு சாவு விழும். ஊர் திரண்டு மறியலில் உட்காரும். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து சமாதானம் பேசுவார்கள். "வேகத்தடை போட்டுத் தருகிறோம்" என்றதும் கூட்டம் கலையும். ஒரு டிராக்டரில் ஜல்லியும் தாரும் வரும், சாலைக்குக் குறுக்கே ஒரு மேடு முளைக்கும். அதற்குப் பெயின்ட் இருக்காது, முன்னறிவிப்புப் பலகையும் இருக்காது. கொஞ்ச நாளில் அதே மேட்டில், இருட்டில், வெளியூர்க்காரர் ஒருவர் பைக்கோடு தூக்கி வீசப்படுவார்.

நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கதையைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. மனுவை வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்ததால், எந்த மனு கோப்பில் தூங்கும், எது எஸ்டிமேட்டாக மாறும் என்று ஓரளவு தெரியும். 2022இல் நாடு முழுவதும் நடந்த சாலை விபத்துகள் 4,61,312 என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அதில் 64,105 தமிழ்நாட்டில். எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். செத்தவர்களில் பெரும்பகுதி கிராமப்புறச் சாலைகளில் செத்தவர்கள். ஆனால் பாதுகாப்புத் திட்டம் என்று வந்தால் கிராமத்தார் கையில் இருப்பது பெரும்பாலும் நாலு வரி மனு மட்டும்தான்.

அந்த நாலு வரியில்தான் சிக்கல். "எங்கள் ஊரில் வேகத்தடை வேண்டும்" என்று கேட்டால், "மேற்படி சாலையில் வேகத்தடை அமைக்க விதிகளில் இடமில்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டுக் கோப்பை மூடிவிடலாம். அதே மனுவில் "கி.மீ. 42/6இல், காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள், பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறார்கள், வளைவில் வரும் லாரிக்கு அவர்கள் தெரிவதில்லை" என்று எழுதிப் பாருங்கள். அதற்கு ஒரு வரியில் பதில் போட முடியாது. யாராவது ஒருவர் நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும். தீர்வைக் கேட்பதைவிட, எங்கே, எப்போது, யாருக்கு, ஏன் என்று சொல்வதுதான் ஊர்க்காரர்களின் பலம். பொறியாளரிடம் இல்லாத தகவல் அது.

முதலில், சாலை யாருடையது?

கி.மீ. கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பாகவோ நீலமாகவோ இருந்தால் மாவட்டச் சாலை என்று எடுத்துக்கொள்ளலாம். மாநிலச் சாலைக்கும் மாவட்டச் சாலைக்கும் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு நெளிவு உண்டு: சில பகுதிகளைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர் பார்ப்பார், மற்றவற்றை நம் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகே பார்க்கும். சுங்கச்சாவடிச் சாலை என்றால் பெரும்பாலும் ஆணையம்; அவர்களுடைய உதவி எண் 1033. கிளைச் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கும். சந்திப்பில் விபத்து என்றால் இரண்டு அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு "உரிய நடவடிக்கைக்காக" என்று ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

42/6 என்று மேலே எழுதினேன் அல்லவா, அது 42ஆவது கிலோமீட்டரில் 600 மீட்டர். கி.மீ. கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். புல்லில் மூடிக் கிடக்கும், தேடுங்கள். துறையில் எஸ்டிமேட், டெண்டர், பில் எல்லாமே இந்த எண்ணில்தான் ஓடும். "முனியாண்டி கோயில் பக்கம்" என்றால் எங்களுக்குப் புரியாது. 42/6 என்றால் உதவிப் பொறியாளர் உடனே பதிவேட்டைப் புரட்டுவார்.

நடந்து பாருங்கள்

ஊருக்குள் வரும் சாலை இரண்டு கிலோமீட்டர் என்றால், அதை முழுக்க நடக்க வேண்டும். ஒரு முறை பள்ளி நேரத்தில், ஒரு முறை இருட்டிய பிறகு. யார் நடப்பது என்பது முக்கியம். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் போனால் அது ஊர்வலம். பால் ஊற்றுகிறவர், டவுன் பஸ் டிரைவர், பள்ளிக்கூட ஆசிரியை, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், பஞ்சர் கடைக்காரர், இவர்களில் நாலைந்து பேராவது வேண்டும். பஞ்சர் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். காவல் நிலையத்துக்குப் போகாத விபத்தெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தவர் அவர்.

எதையெல்லாம் பார்ப்பது? தார் விளிம்பிலிருந்து மண் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பழைய தார்மேல் புதுத் தார், அதற்கு மேல் இன்னொரு தார் என்று போட்டுக்கொண்டே போவதில் சாலை உயர்ந்துவிடும், பக்கத்து மண் அப்படியே இருக்கும். துறைக்காரர்கள் அந்த மண்ணை 'பெர்ம்' என்பார்கள். எதிரே லாரி வந்து ஒதுங்கும் பைக் அந்த விளிம்பில் சறுக்கித்தான் விழுகிறது. போலீஸ் பதிவில் அது "கட்டுப்பாட்டை இழந்து" என்று ஏறும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறதா, சாலையை ஒட்டிய புளியமரத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா, எச்சரிக்கைப் பலகையைக் கருவேலம் மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் பைக் விளக்கில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பில் ஒரு சோதனை செய்யலாம். 80 கி.மீ. வேகத்தில் வருகிறவர் ஆபத்தைப் பார்த்து, பிரேக் பிடித்து, நிற்க 120 மீட்டர் வேண்டும் என்பது ஐ.ஆர்.சி. எனப்படும் இந்தியச் சாலைக் குழுமத்தின் கணக்கு. 60 கி.மீ. என்றால் 80 மீட்டர். பக்கச் சாலை வந்து சேரும் இடத்தில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் டேப் பிடித்து 120 மீட்டர் தள்ளிப் போய், கார் ஓட்டுகிறவரின் கண் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டருக்குக் குனிந்து பார்க்கட்டும். நிற்கிறவர் தெரியவில்லை என்றால் எது மறைக்கிறது? நான் பார்த்தவரை பல இடங்களில் விளம்பர பேனரும் முட்செடியும்தான். ஒரு அரிவாளால் தீரும் விஷயத்துக்கு மேம்பாலம் கேட்டு மனு கொடுத்த ஊர்களும் உண்டு.

வேகத்தையும் நீங்களே அளக்கலாம், ரேடார் துப்பாக்கி வேண்டாம். 200 மீட்டர் கல்லில் ஒருவர், அடுத்த கல்லில் ஒருவர். வண்டி முதல் கல்லைத் தாண்டும்போது அங்கிருப்பவர் துண்டை வீச, அடுத்த கல்லில் இருப்பவர் செல்போன் ஸ்டாப்வாட்சை அமுக்கி, தன்னைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். 720ஐ விநாடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 9 விநாடி என்றால் 80 கி.மீ., 12 என்றால் 60. ஐம்பது நூறு வண்டிக்குக் குறித்து, வேக வரிசையில் அடுக்குங்கள். நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அந்த எண்ணைத்தான் பொறியாளர்கள் கேட்பார்கள். அந்தத் தாளை மனுவோடு இணைத்தால் எதிரே இருப்பவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார், பார்த்திருக்கிறேன்.

எல்லோரையும் ஒரே கூட்டத்தில் கேட்காதீர்கள்

கிராம சபை கட்டாயம் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் கிராம சபையில் மைக் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஓர் ஊரில் வேலைத்தளத்து மரத்தடியில் பெண்களிடம் கேட்டேன், விடியற்காலையில் எதற்குச் சாலையைக் கடக்கிறீர்கள் என்று. ஓர் அம்மா சிரித்தார். "தண்ணி எடுக்க சார். குழாய் அந்தப் பக்கம்ல இருக்கு." அதுவரை அந்த ஊர் மனுக்களில் வேகத்தடை, மின்விளக்கு, சிக்னல் எல்லாம் இருந்தன, குழாய் இல்லை. சாலைக்கு அடியில் ஏற்கெனவே இருந்த கல்வெர்ட்டு, அதாவது தண்ணீர் போகும் சிறுபாலம், அதன் வழியாக ஒரு பைப்பை இந்தப் பக்கம் இழுத்ததும் பனி மூட்டத்தில் குடத்தோடு கடக்கும் வேலையே இல்லாமல் போனது. அது நெடுஞ்சாலைப் பணியே அல்ல, ஊராட்சிப் பணி. ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: மக்கள் ஏன் இந்த இடத்தில் கடக்கிறார்கள்?

சந்திப்பில் கடை வைத்திருப்பவர்களையும் முன்கூட்டியே கேளுங்கள். நடுவில் மீடியன் என்ற தடுப்பு வந்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு நியாயமானது. கேட்காமல் திட்டம் போட்டால் அவர்கள் நீதிமன்றத்தில் தடை வாங்குவார்கள், வேலை வருஷக்கணக்கில் நிற்கும். நான்குவழிச் சாலை என்றால் விவசாயிகளிடம் கேளுங்கள். மீடியன் திறப்பு தூரத்தில் இருந்தால் டிராக்டர் எதிர்த்திசையில்தான் வரும். அபராதம் போட்டாலும் வரும். டீசல் அவர் காசு.

அதோடு ஊரும் தன் பங்கைப் பேசியாக வேண்டும். சாலையில் கொள்ளும் சோளமும் பரப்பி வண்டிச் சக்கரத்தில் கதிரடிக்கிறோம், இரவில் விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாத டிரெய்லரை ஓரத்தில் நிறுத்துகிறோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் இதைத்தான் காட்டுவார். உலர்களம் கேட்டு ஒரு தீர்மானமும் கூடவே போட்டிருந்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

இத்தனையையும் பழுப்புத் தாளில் ஒரே நீளக் கோடாக வரையுங்கள். கோடு சாலை, அதன்மேல் கல் எண்கள். இறப்புக்குச் சிவப்பு, காயத்துக்கு நீலம், நூலிழையில் தப்பியதற்குப் பச்சை. கடந்த மூன்று ஆண்டு எஃப்.ஐ.ஆர். விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காவல்துறையிடம் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். காவலர்கள் இப்போது விபத்துகளைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் என்ற செயலியில் இடத்தோடு பதிவதால், "எங்களிடம் விவரம் இல்லை" என்று சொல்வது கடினம். மூன்று ஆண்டு என்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து இறப்புகள் இருந்தால் அது 'கரும்புள்ளி' இடம். அந்தப் பட்டியலில் ஏறினால் நிதிக்கு வழி பிறக்கும். அதுவரை காத்திருப்பது அநியாயம் என்பது என் கருத்து. அதற்குத்தான் பச்சைப் புள்ளிகள்.

என்ன கேட்கலாம்

பிரதான சாலையில் வேகத்தடை கேட்காதீர்கள். ஐ.ஆர்.சி. அளவில் ஒழுங்காகப் போட்டால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வண்டி 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கானது. 80இல் வரும் சாலைக்கு அது பொருந்தாது. பக்கச் சாலை வந்து சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், பக்கச் சாலையில் கேளுங்கள். ஊரிலிருந்து பாய்ந்து ஏறும் பைக்குகள் அங்கே மட்டுப்படும். பிரதான சாலையில் கேட்க வேண்டியவை: ஊர் தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை, தடதடக்கும் குறுக்குக் கோடுகள், வண்டி விளக்கில் ஒளிரும்படி சாலையில் பதிக்கும் ஸ்டட், சந்திப்பு எச்சரிக்கை, பெர்முக்குக் கிராவல், முட்செடி அகற்றல், பாலத்துக்குக் கைப்பிடி. பராமரிப்பு நிதியிலேயே செய்யக்கூடியவை இவை. பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி ஐம்பது அறுபது மீட்டர் தள்ளுவதற்குச் செலவே சொற்பம், பலன் பெரிது. ஆனால் நிழற்குடையில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஹைமாஸ் விளக்கு கேட்கும்போது கரண்ட் பில் யார் கட்டுவது என்று அன்றே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். கம்பம் நட்டுத் திறப்பு விழா நடந்து, பில் கட்டாமல் இருண்டு நிற்கும் விளக்குகள் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. வளைவை நேராக்குவது, சுரங்கப்பாதை, புறவழிச்சாலை எல்லாம் நிலமெடுப்பு வேலை. கேளுங்கள், ஆனால் தனி மனுவாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால், பெரியது முடியும்வரை சின்னதும் நிற்கும்.

யாரிடம் போவது

வரைபடத்தைக் கிராம சபையில் விரித்து, கல் எண்ணோடு தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. தீர்மான நகலோடு கோட்டப் பொறியாளருக்கு ஒரு மனு, ஆட்சியருக்கு ஒன்று. ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215ஆவது பிரிவு அதற்கு வழிசெய்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் கொடுத்த உத்தரவுகளுக்குப் பிறகு இந்தக் குழுக்களுக்கு உயிர் வந்தது. "குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாக வைத்து, கூட்டாய்வு செய்ய வேண்டும்" என்று எழுதுங்கள். கூட்டாய்வு என்றால் நெடுஞ்சாலை, காவல், மோட்டார் வாகன ஆய்வாளர் மூவரும் ஒன்றாக இடத்துக்கு வருவது. தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 2019 திருத்தத்தில் வந்த 198அ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. மிரட்டலுக்கு வேண்டாம், கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தால் போதும்.

நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. பெரிய வேலைகளுக்கான எஸ்டிமேட் அதற்கு முன்பே மேலே போயிருக்க வேண்டும் என்பதால் அக்டோபர் கிராம சபைத் தீர்மானம்தான் தோது.

வேலை முடிந்ததும் அதே இரண்டு கல்லில், அதே நேரத்தில் மறுபடி துண்டு வீசிப் பாருங்கள். வேகம் குறையவில்லை என்றால் கோடும் பலகையும் போதவில்லை என்று பொருள். புது அளவோடு மறுபடி எழுதலாம். பெயின்ட் மங்கும், தகட்டுப் பலகை திருடு போகும், கருவேலம் மழைக்குப் பிறகு பழையபடி வந்து நிற்கும். கார்த்திகை முடிந்ததும் சாலை ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்துவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையிலேயே கொடுங்கள். பழையவர் கோப்பில் வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நம்ப வேண்டாம்.