கிளிக்கர் மெசினையும் டையையும் பழுதாக்காமல் தோல் வெட்டும் முறை

கிளிக்கர் மெசின் என்பது, டையைத் தோலின் மேல் அழுத்தித் துண்டு வெட்டும் மெசின்; டை என்பது, வெட்ட வேண்டிய வடிவத்தில் செய்த கூரிய விளிம்புள்ள உருக்கு அச்சு. டை வைத்துத் தோல் வெட்டும்போது ஒரு மூலை மட்டும் அறுபடாமல் தொங்கி நின்றால், நம்மில் அநேகர் உடனே செய்வது அழுத்தத்தைக் கூட்டுவதுதான். அந்தப் பழக்கம் முதலில் டையின் வாயையும் (வெட்டும் விளிம்பையும்), அடுத்து தோலுக்கு அடியில் இருக்கும் வெட்டுப்பலகையையும், கடைசியில் மெசினின் தூணையும் தின்றுவிடும். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ பட்டறை வைத்திருப்பவர் ஒரு டையைக் கொழும்பில் செய்விப்பதென்றால், ஏ9 வீதி வழியே போகவே 300 கிலோமீற்றருக்கு மேலாகும். ஆகவே அழுத்தத்தைக் கடைசியாகத் தொடும் முறையைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

சிறு பட்டறைகளுக்குப் பொருத்தமானது, மேற்கை, அதாவது தூணில் பொருத்தப்பட்டு டையை மேலிருந்து அழுத்தும் கை, பக்கவாட்டில் சுழலும் ஹைட்ரோலிக் (ஒயில் அழுத்தத்தால் இயங்கும்) வகையாகும். இவ்வகை மெசின்கள் பொதுவாக 8 தொன் முதல் 25 தொன் வரையான வலுவில் கிடைக்கின்றன. எவ்வளவு வலு வேண்டும் என்பதை டை அடைத்துக்கொள்ளும் பரப்பை வைத்துக் கணிக்கக் கூடாது. அதன் வாயின் மொத்த நீளத்தையும் தோலின் தடிப்பையும் கடினத்தையும் வைத்தே கணிக்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கொண்ட சதுர டையின் வாய்நீளம் 40 சென்ரிமீற்றர். பக்கத்தை 20 ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், வாய்நீளமோ 80 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு மடங்குதான். டைக்குள் பொருத்தப்பட்ட, தோலில் ஓட்டை போடும் குழாய்களின் சுற்றளவையும் இதனுடன் கூட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டைகளில் இரு வகைகள் பரவலாக உள்ளன. தடித்த உருக்குப் பட்டையை வளைத்து ஒட்டிச் செய்தவை 19 அல்லது 32 மில்லிமீற்றர் உயரமாக இருக்கும். பிளைவூட் பலகையில் மெல்லிய உருக்குத் தகட்டை இறுக்கிச் செய்தவற்றின் தகடு ஏறக்குறைய 23.8 மில்லிமீற்றர் உயரமானது. உயரம் மாறும் ஒவ்வொரு தடவையும் மேற்கையின் இறக்கத்தைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். உயரம் வேறுபட்ட இரண்டு டைகளை ஒரே அடியில் வைத்து வெட்டவே கூடாது. வெட்டப் போகும் தோலின் கழிவுத் துண்டொன்றைப் பலகையில் வைத்து, இறக்கத்தை மிகக் குறைவாக வைத்து ஓர் அடி அடித்துப் பார்த்து, பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, துண்டு முழுவதும் கழன்று வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்நேரத்தில் பலகையில் மயிரிழை போன்ற தடம் மட்டுமே தெரிய வேண்டும். அந்தத் தடத்தில் விரல்நகம் மாட்டினால், நீங்கள் தோலை வெட்டி முடித்து பலகையையும் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். என்னுடைய முதலாவது பலகையை ஒரே இடத்தில் அடித்து அடித்துக் குழியாக்கிய பிறகே நான் இதை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன்.

இனி, மூலை அறுபடாத சிக்கலுக்கு வருவோம். தோலை எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளொன்றைப் பலகையில் விரித்து அதே டையால் மெதுவாக ஓர் அடி அடியுங்கள். தாள் அறுபடாத இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, டையை அப்படியே வைத்துப் பலகையை மட்டும் அரைவட்டம் திருப்பி மீண்டும் அடியுங்கள். குறை டையின் அதே இடத்தில் நின்றால் டையின் வாய் மழுங்கியிருக்கிறது அல்லது அவ்விடம் பதிந்திருக்கிறது. குறை பலகையோடு சேர்ந்து இடம் மாறினால் பலகை குழிந்திருக்கிறது. பலகைக் குழிக்கு மருந்து, பலகையைப் புரட்டிப் போடுவதும், இரு பக்கமும் தேய்ந்திருந்தால் மட்டமாகச் சீவுவிப்பதும், அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் டையை வேறு இடத்தில் வைப்பதுமாகும். பதிந்த டைக்கு, அந்த இடத்துக்கு நேர் பின்புறத்தில் மெல்லிய ஒட்டுநாடாவை ஓரிரு மடிப்பு ஒட்டினாலே போதும். மழுங்கிய பட்டை டையை நுண்ணிய எண்ணெய்க் கல்லால், ஏற்கெனவே உள்ள சரிவைப் பின்பற்றி இலேசாகத் தீட்டலாம். வாயின் உச்சியில் அரம் வைத்தால் உயரம் குறைந்து டை முழுவதுமே கெட்டுவிடும். பிளைவூட் டையின் தகடு மழுங்கினால் தீட்டுவதில் பயனில்லை, தகட்டையே மாற்ற வேண்டும். துண்டை வெளியே தள்ளும் றப்பர் இறுகிப்போனால் அதையும் மாற்ற வேண்டும்.

நம் பகுதி மாடுகளின் தோலில் குறிசுட்ட தழும்பும் முட்கீறலும் உண்ணிக் கடியும் இருக்கக்கூடும் என்பதால், டையை வைக்குமுன் தோலை வெளிச்சத்தில் விரித்து அவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். இழுபடக் கூடாத வார்களையும் பட்டிகளையும் முதுகுப் பகுதியில், முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுங்கள். வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும், அது உள்ளே மறைவாக வைத்துத் தைக்கும் துண்டுகளுக்கே உதவும். டை எப்போதும் மேற்கையின் நடுவுக்குக் கீழே இருக்கட்டும். நுனியில் வைத்து அடித்தால் தூண் வளைவிசையைத் தாங்க நேரிடும்.

மெசினை இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தி இயக்கும்படி அமைத்திருப்பது, அடி விழும்போது கைகள் இரண்டும் டையில் இருக்கக் கூடாது என்பதற்காகவே. வேகத்துக்காக ஒரு பொத்தானைக் கட்டிவைப்பதும், ஒருவர் தோலை வைக்க மற்றவர் அழுத்துவதும் விரலைப் பணயம் வைக்கும் வேலை.

ஹைட்ரோலிக் ஒயில் பெரும்பாலும் விஜி 46 என்ற தடிப்புத் தரத்ததாக இருக்கும். மெசினின் தகட்டில் வேறு தரம் எழுதியிருந்தால் அதையே ஊற்றுங்கள். உழவியந்திரத்துக்கு வாங்கிய இஞ்சின் ஒயில் மீதமிருக்கிறதென்று அதை ஊற்றக் கூடாது. ஒயில் பால்போல் வெளுத்தால் நீர் சேர்ந்திருக்கிறது, கறுத்து எரிந்த மணம் வந்தால் வலுவிழந்திருக்கிறது. இரண்டுக்கும் மாற்றுவதே வழி. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி எங்கும் படியுமாதலால், தூணைத் துடைத்த பிறகே கிறீஸ் இட வேண்டும். தூசியின் மேல் இட்ட கிறீஸ் அரத்தூள்போல் தேய்க்கும். 400 வோல்ற் மும்முனை இணைப்பில் ஓடும் மெசினாயின், வெளியே மின்கம்பி வேலை நடந்த மறுநாள் மோட்டர் சுழலும் திசையை முதலில் பாருங்கள். முனைகள் மாறியிருந்தால் மோட்டர் எதிர்த்திசையில் சுழலும், மேற்கை இறங்காது, பம்பும் பழுதாகும். உடனே நிறுத்தி மின்வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

மாரி தொடங்குமுன், அதாவது ஐப்பசிக்கு முன்னரே, டைகளைத் துடைத்து மெசின் ஒயில் பூசி, வாய் எதிலும் படாதபடி ஆணியில் தொங்கவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் பூசினால் அது நாளடைவில் பிசினாகிவிடும். பிளைவூட் டைகள் ஈரத்தில் ஊதுமாதலால் அவற்றைத் தரையிலிருந்து உயர்ந்த தட்டில் வைப்பது அவசியம். மீண்டும் எடுக்கும்போது ஒயிலை முழுமையாகத் துடைத்து, முதல் இரண்டு அடிகளைக் கழிவுத் தோலில் அடியுங்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருந்து அதில் இரும்புத் துரு பட்டால், தோலின் துவர்ப்போடு சேர்ந்து எழும் கருநீலக் கறை எளிதில் போகாது.