விளையாட்டுக் கட்டைப் பெட்டி வாங்கிறதில நாம விடுற பிழைகள்

போன மாதம் மருமகன்ட பிறந்தநாள். வந்த பரிசெல்லாம் பிரிச்சி முடிய ரெண்டு உரப்பேக் நிறைய குப்பை, அதுல முக்காவாசி, ஒண்டோடொண்டு பொருத்தி விளையாடுற பிளாஸ்ரிக் கட்டைப் பெட்டிகள்ட பொலித்தீனும் ரெஜிபோமும், உடைஞ்ச பழைய கட்டைகளும் அதோட சேர்ந்து கிடக்கு. பெரியம்மா அத வளவு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் நெருப்பு வைக்கப் போறா, நான் ஓடிப்போய் மறிச்சன்.

முதல் பிழை இதுதான், கொளுத்திறது. இந்தக் கட்டைகள் கூடுதலா ஏபிஎஸ் எண்ட பிளாஸ்ரிக்கில செய்யிறது, கட்டை செய்யிற பெரிய கொம்பனியான லெகோ 1963ல இருந்து அதத்தான் பாவிக்குது. ஏபிஎஸ்ல நைதரசன் இருக்கு, எரியக்குள்ள ஐதரசன் சயனைட்டு, காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயுக்கள் வரும், அதுவும் கச்சான் காத்து அடிக்கிற நாளெண்டா அந்தப் புகை நேரா பக்கத்து வீட்டுத் தொட்டில் புள்ளைக்குத்தான் போகும். தயவுசெஞ்சி கொளுத்தாதீங்க.

சரி, எரிக்காம போத்தல் வாங்க வாறவருக்குக் குடுப்பம் எண்டு நினைக்கிறதும் பிழைதான். தண்ணிப் போத்தல்ட அடியில முக்கோணத்துக்குள்ள 1 எண்டு இருக்கும், அத எடுப்பாங்க. ஏபிஎஸ் 7ம் நம்பர், அதாவது 'மற்றவை', அதுவும் இத்தினி இத்தினி துண்டு, அத ஆர் பிரிச்சி எடுக்கிறது? கடைசில குப்பைமேட்டுக்குத்தான் போகும், இல்லாட்டி மாரி வெள்ளத்தோட வடிகானால வாவிக்குள்ள போகும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில பிளாஸ்ரிக் திண்டு எட்டு வருஷத்தில 20 யானை மட்டில செத்ததெண்டு 2022ல செய்தி வந்தது, மறந்திருக்க மாட்டீங்க. கடலுக்குள்ள போனா என்னாகும் எண்டதுக்கும் கணக்கு இருக்கு: 1997ல இங்கிலாந்துக் கரைக்குக் கிட்ட ஒரு கப்பல்ல இருந்து 48 லட்சம் மட்டில லெகோத் துண்டு கடல்ல விழுந்தது, இண்டைக்கும் அந்தக் கரையில பொறுக்கிறாங்க. கரையொதுங்கின பழைய கட்டைகளப் பாத்து பிளிமவுத் பல்கலைக்கழக ஆக்கள் 2020ல சொன்னது, ஒரு கட்டை கடல்ல 100ல இருந்து 1300 வருஷம் மட்டும் கிடக்குமாம்!

அடுத்தது, பெட்டியில பச்சை இலை போட்டு 'சூழலுக்கு நல்லது' எண்டு எழுதினா நம்பிறது. லெகோவே கரும்பில இருந்து எடுத்த பொலித்தீன்ல 2018ல மரம், இலை மாதிரி மெதுவான துண்டுகள்தான் செஞ்சது, கட்டைய அப்பிடிச் செய்ய அது இறுக்கம் காணாது. பழைய போத்தல்ல இருந்து கட்டை செய்யப் போறம் எண்டு 2021ல காட்டினாங்க, 2023ல கைவிட்டுட்டாங்க, ஏனெண்டா அதுக்கு மிசின் எல்லாம் மாத்தவேணும், கூட்டிக் கழிச்சிப் பாத்தா காபன் வெளியேற்றம் கூடத்தான் வரும். அவ்வளவு காசு இருக்கிற கொம்பனியே தடுமாறுது. ஆனா பெட்டிக்குள்ள இருக்கிற பொலித்தீன் பைய கடதாசிப் பையா மாத்தப்போறம் எண்டு 2020ல சொன்னத செஞ்சிக்கொண்டு வாறாங்க, அது நல்ல விசயம். அதால வாங்கக்குள்ள இலைப் படத்தப் பாக்காதீங்க, உள்ளுக்க என்ன பை, பெட்டிய ஆட்டினா எவ்வளவு வெறும் இடம் எண்டு பாருங்க, கடைக்காரரிட்டக் கேக்கலாம், வெக்கப்பட ஒண்டுமில்ல. நம்மட நாட்டில 2021 மார்ச் 31ல இருந்து காத்தடிக்கிற விளையாட்டுச் சாமான்கள் கனக்கத் தடை, கட்டைகள் அதுல இல்ல, அப்ப இது வாங்கிற நம்மட கையிலதான் கிடக்கு.

மலிவெண்டு இறுக்கமில்லாத கட்டை வாங்கிறதும் கூடாது. ரெண்டு கிழமையில கட்டை ஒண்டோடொண்டு பிடிக்காது, புள்ள எறிஞ்சிபோடும், மறுகா இன்னொண்டு. 1958ல செஞ்ச லெகோக் கட்டை இண்டைக்கு வாங்கிறதோடயும் பொருந்தும், அப்பிடி முப்பது நாப்பது வருஷம் கை மாறினாத்தான் அந்தப் பிளாஸ்ரிக்குக்கு ஒரு ஞாயம். அதுக்கு புதுசே வேணுமெண்டில்ல, ஒரு துண்டு துலைஞ்சதெண்டு முழுப் பெட்டியையும் எறியாம நாலு வீட்டுக்காரர் சேந்து மாத்தி மாத்தி எடுங்க, முன்பள்ளிக்குக் குடுங்க. ஒண்டு மட்டும் கவனம், 1970, 80கள்ல செஞ்ச பழைய சிவப்பு, மஞ்சள் கட்டைகள்ல கட்மியம் எண்ட நச்சு உலோகம் இருந்ததெண்டு ஆய்வில கண்டிருக்காங்க, அந்தக் காலத்துக் கட்டைய வாயில வைக்கிற புள்ளைக்குக் குடுக்காதீங்க.

விறாந்தையில வெயில்ல போட்டு வைக்காதீங்க கா, நம்மட வெயிலுக்கு மஞ்சளாகி நொறுங்கிப்போகும். கழுவிறதெண்டாலும் கொதிதண்ணி வேணாம், 40 பாகைக்கு மேல போகாம இளஞ்சூட்டுத் தண்ணில கொஞ்சம் சோப்புப் போட்டு அலசி, சுளகில பரப்பி நிழல்ல காய விடுங்க, மறுகா ஒரு சீலைப் பையில கட்டிவைச்சா அடுத்த புள்ளைக்கு ரெடி.