ஸ்பேர் ஹார்ட் டிஸ்க் எத்தனை வேண்டும்? மெஷின் லேர்னிங் வழியே ஒரு கணக்கு

கையிருப்பில் ஸ்பேர் டிஸ்க் இல்லையென்றால் ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்த அமைப்பு) நாள்கணக்கில் டிகிரேடட் நிலையிலேயே, அதாவது பாதுகாப்புக் குறைந்தபடியே, ஓடும். அதற்குப் பயந்து வாங்கிக் குவித்தால் வாரன்டி அலமாரியிலேயே தீர்ந்துவிடும். பைதான் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. டேட்டா: பழகுவதற்கு பேக்பிளேஸ் என்ற கிளவுட் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் இலவச டிஸ்க் டேட்டா போதும். 2013 முதலான பதிவுகள் கிடைக்கின்றன, டிஸ்க் ஒன்றுக்கு நாளுக்கு ஒரு வரி. நான்கு காலாண்டுகளாவது இறக்குங்கள். ஒரே மாடலை மட்டும் பிரித்தெடுங்கள். பைதானின் பாண்டாஸ் லைப்ரரி இதற்குத் திணறும், டக்டிபி என்ற டேட்டாபேஸ்தான் சரி.

2. ஸ்மார்ட் எண்கள்: ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து சொல்லும் வசதி. நமக்கு வேண்டியவை 5, 187, 188, 197, 198 ஆகியவற்றின் ரா (மாற்றாத மூல) மதிப்பும், ஒரு வாரத்தில் அது எவ்வளவு ஏறியது என்பதும். எல்லாக் கம்பெனி டிஸ்க்கும் 187, 188 தராது. காலியான இடத்தில் 0 போட்டுவிடாதீர்கள். சீகேட் டிஸ்க்கில் 188 திடீரென்று 4295032833 என்று நிற்கும். பதற வேண்டாம். மூன்று 16-பிட் எண்களை ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். 65536-ஆல் வகுத்த மீதி 1. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. லேபிள் (மாடல் கணிக்க வேண்டிய விடை): பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. பழுது என்ற குறி டிஸ்க்கின் கடைசி நாள் வரியில் மட்டுமே இருக்கும். நமக்கு வேண்டியது, ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை போகும் என்பது. சரக்கு வர 42 நாள் ஆகுமென்றால், பழுதுக்கு முந்தைய 42 நாள் வரிகளுக்கும் 1 போடுங்கள். டேட்டாவின் கடைசி 42 நாளில், பழுதாகாத டிஸ்க்குகளின் கதி இன்னும் தெரியாது. அந்த நாள்களை மொத்தமாக நீக்குங்கள். பழுதுக் குறி இல்லாமலே நடுவில் காணாமல் போன டிஸ்க்குகள் கழற்றப்பட்டவை. அவற்றின் கடைசி 42 நாளுக்கும் இதே கதைதான்.

4. பிரிப்பது: ரேண்டமாகப் பிரித்தால் ஒரே டிஸ்க்கின் திங்கள்கிழமை டிரெயினிலும் (மாடல் கற்கும் பகுதி) செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டிலும் (சோதிக்கும் பகுதி) விழும். மதிப்பெண் பிரமாதமாக வரும், எல்லாம் பொய். தேதி வாரியாகப் பிரித்து, நடுவே 42 நாள் இடைவெளி விடுங்கள்.

5. மாடல்: லைட்ஜிபிஎம், அதாவது பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் லைப்ரரி. நியூரல் நெட்வொர்க் எல்லாம் இதற்கு ஆடம்பரம். நல்ல டிஸ்க் வரிகள் மலைபோல் இருப்பதால் நூறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது நிகழ்தகவு ஊதிப்போகும். மாடல் 0.2 என்றால், போகும்-போகாது விகிதம் 0.2/0.8 = 0.25, அதை நூறால் வகுத்தால் 0.0025. உண்மையான நிகழ்தகவு ஏறக்குறைய அதுதான். இதை மறந்தால் கிடங்கு நிரம்பி வழியும்.

6. எண்ணிக்கை: இன்று ஓடும் எல்லா டிஸ்க்குகளின் திருத்திய நிகழ்தகவையும் கூட்டுங்கள். டெஸ்ட் காலத்தில் ஒரு நாளை எடுத்து இதே கூட்டலைச் செய்து, அடுத்த 42 நாளில் உண்மையில் போனவற்றோடு ஒப்பிட்டுவிடுங்கள். 1000 டிஸ்க், ஆண்டுக்கு 1.5% பழுது என்றால் கூட்டுத்தொகை 1.7 அருகே வர வேண்டும். இரண்டு வாங்கினால் போதுமே என்று தோன்றும், போதாது. பாய்சான் கணக்குப்படி (சராசரி தெரிந்தால், தனித்தனியாக நேரும் பழுதுகள் எத்தனை வரும் என்பதன் நிகழ்தகவைத் தரும் சூத்திரம்) 3 ஸ்பேர் இருந்தால் தட்டுப்பாடு வராமலிருக்க 90% வாய்ப்பு, 4 இருந்தால் 97%. நான்கு வாங்குங்கள்.

ஒரே லாட்டில் வந்த டிஸ்க்குகள் சேர்ந்தாற்போல் போகும் பழக்கம் உள்ளவை. பாய்சானுக்கு அது தெரியாது. லாட் புதிதென்றால் கூட ஒன்று.