குளிர் வெளியிலிருந்து வரவில்லை

போன டிசம்பரில் எங்கள் மூணாறு நடைக்குழுவோடு மீசப்புலிமலை ஏறினேன். உயரம் 2,640 மீட்டர். உச்சியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஃபிளாஸ்க் மூடியைத் திருகக்கூட விரல் வரவில்லை. இத்தனைக்கும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கூட வந்த அண்ணன், எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர், என் முதுகில் கை வைத்துப் பார்த்தார். "தம்பி, பனியன் பிழியிற மாதிரி நனைஞ்சிருக்கு. குளிர் வெளிய இருந்து வரல."

காரணம் அதுதான். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஏறும்போது தெரியாது. நின்றதும் காற்று பட்டு ஈரம் ஆவியாகும், அதோடு உடல் சூடும் போய்விடும்.

இந்த வருடம் உள்ளே பாலியஸ்டர் டி-ஷர்ட். லேசாகக் குளிரும் அளவுக்கு மட்டும் உடுத்திக்கொண்டு கிளம்பினேன், ஸ்வெட்டர் பையில். பத்து நிமிட ஏற்றத்தில் உடம்பு தானாகச் சூடேறிவிட்டது. மேலே போனதும் முதல் வேலை, பாறை மறைவில் சட்டை மாற்றியது. பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்ததால் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதன்மேல் ஸ்வெட்டர், காற்றைத் தடுக்க மழைக்கோட்டு, காதுக்கு மஃப்ளர். அப்புறம், இரண்டு ஜோடி சாக்ஸ் திணிக்கும் பழக்கத்தையும் விட்டேன். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால்விரல் மரத்துப்போகும். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும்.

கிழக்கே தேனிப் பக்கம் முழுக்க மேகம். ஃபிளாஸ்க்கை நானே திறந்து, முதல் டம்ளர் கட்டஞ்சாயாவை (பால் சேர்க்காத டீ) அண்ணனுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.