பழைய பயம் இன்றைய வீட்டில் எழும்போது

மாலையில் வாசலில் மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டு இறங்கும் ஓசை கேட்டதும், நானும் என் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடப் புத்தகத்தை விரித்துக்கொள்வோம். அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் குடியிருக்கும் தெருவில் யாரேனும் ஸ்டாண்டைத் தட்டினால் என் தோள்கள் காதுவரை ஏறிவிடும்.

ஒரு விபத்தில் நேரும் அதிர்ச்சி வேறு. ஓடவும் வழியில்லாத வயதில், காக்க வேண்டியவர் கையாலேயே ஆண்டுக்கணக்கில் பட்ட அடியும் வசையும் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இலேயே இந்த வேறுபாட்டை எடுத்துரைத்தார். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இரண்டாவதைச் 'சிக்கலான அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' (Complex PTSD) என்ற தனியொரு பாதிப்பாகவே ஏற்றுக்கொண்டது. பழைய நிகழ்வு மறுபடி நடப்பதுபோல் தாக்குவதோடு, அடங்காத கோபமோ மரத்துப்போன மனமோ, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற தீராத எண்ணமும், யாரிடமும் நெருங்க முடியாத தவிப்பும் சேர்ந்தே இருக்கும். 'உன் குணமே அப்படித்தான்' என்று உறவினர்கள் சொன்னவற்றில் பல, இந்தப் பாதிப்பின் அறிகுறிகளே.

எல்லாவற்றையும் தோண்டி வெளியே கொட்டினால்தான் ஆறும் என்று நம்பி அவசரப்படாதீர்கள். இன்றைய நாள் பாதுகாப்பானது என்பதை உடம்பு முதலில் உணர வேண்டும். நினைவுகளைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

பயம் எழும் நேரத்தில் கண்களை மூடாதீர்கள்; கண்மூடித் தியானம் செய்யச் சொல்வார்கள், ஆனால் நம்மில் பலருக்கு அந்த இருட்டிலேயே பழைய வீடு வந்து நின்றுவிடுகிறது. பாதங்களைத் தரையில் அழுத்தி, எதிரே தெரியும் ஐந்து பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்லி, மூச்சை உள்ளிழுத்ததைவிட மெதுவாக வெளியே விட்டு, இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் சொல்லுங்கள். மனம் அமைதியாக இருக்கும் நாள்களில் பழகியிருந்தால்தான் அவசரத்தில் இது கைகொடுக்கும். நான் தேவனாம்பட்டினம் கடற்கரையில், அலை வடிந்த ஈர மணலில் வெறுங்காலோடு நின்று பழகினேன். குதிகாலடியில் மணல் சரிவதைக் கவனிக்கும்போது, வேறெங்கோ போன மனம் காலுக்குத் திரும்பும்.

'என்ன இருந்தாலும் பெற்றவர்கள்தானே, மன்னித்துவிடு' என்ற பேச்சு பொங்கலுக்குப் பொங்கல் வரும். மன்னிப்பது உங்கள் விருப்பம். குணமடைவதற்கு அது நிபந்தனை அன்று. பண்டிகைக்குப் பெற்றோர் வீட்டுக்கெனப் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வருகிறவரானால், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முன்பே முடிவு செய்து, பேருந்து கிடைக்கும் நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத் துறை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஒரு நொடியும் தள்ளிப்போடாமல் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள். இரவிலும் தமிழில் பேசலாம். இப்போதும் ஒரு குழந்தை அடிபட்டுக்கொண்டிருப்பது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் முதல் நாளே முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் கெட்டதும் திடுக்கிட்டதும் எப்போது, எதனால் என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளை நீட்டினால் போதும். என் தாளின் முதல் வரியில் 'ஸ்டாண்டு ஓசை, மாலை ஆறரை' என்று மட்டுமே இருந்தது. மருத்துவர் அங்கிருந்துதான் தொடங்கினார்.